நகர மையத்தைப் புதுப்பிக்க அரச காசு: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஸ் நிலையத்தோடு மாடிக்கடைத் தொகுதி, சந்தைக்கு மேல் இன்னும் இரண்டு மாடி, உட்துறைமுகக் கரையில் நடைபாதையும் உணவகங்களும். இப்படி ஏதாவது ஒரு பேச்சு எழும்பும்போதெல்லாம் கூட்டத்திலும் கடை வாசலிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பதில்கள் சந்தேகத்தின் பக்கம் சாய்ந்தவை. அதை ஒளிக்கவில்லை.

1. கட்டடம் சும்மாதானே வருது. வேண்டாம் எண்டு சொல்ல எங்களுக்கென்ன விசரா?

சும்மா வருவது கட்டடம் மட்டும்தான். கட்டுகிற காசு திறைசேரியிலிருந்து வரலாம், வெளிநாட்டு உதவியாகவும் வரலாம். லிஃப்ட், மின்கட்டணம், தண்ணீர்ப் பம்பி, காவலாளி, துப்புரவு, கூரைக் கசிவு எல்லாம் பிறகு கட்டடத்தைப் பொறுப்பெடுக்கிற உள்ளூராட்சி மன்றத்தின் தலையில் விழும். அதுவும் கடற்கரை ஊர். ஷட்டர் தகடு, மாடிப்படிக் கைப்பிடி, ஏ.சி.யின் வெளிப்பெட்டி எல்லாம் உப்புக் காற்றில் கெதியாகக் கறள் பிடிக்கும். கொழும்பில் போட்ட பராமரிப்பு மதிப்பீட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிவராது.

யாழ்ப்பாணத்தில் இந்திய நன்கொடையில் 11 மாடிக் கலாசார மையம் எழும்பியது. 2022இல் திறந்தார்கள். கட்டுவதற்கு யாழ்ப்பாணத்தவர் ஒரு ரூபாவும் போடவில்லை. கட்டி முடிந்தபின் எழுந்த பெரிய கேள்வி, மாநகர சபை அதன் மாதாந்தச் செலவைத் தாங்குமா என்பது. எந்தத் திட்டத்திலும் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது பில் யாருடையது என்பதைத்தான்.

2. மானியம் எண்டுறீங்கள். ஆரும் கையில காசு குடுத்தமாதிரித் தெரியேல்லையே?

மானியம் பெரும்பாலும் காசாகக் கைமாறுவதில்லை. சந்தை விலைக்குக் கீழே நீண்டகாலக் குத்தகைக்கு அரச காணி கொடுப்பது ஒரு வகை. தனியார் ஹோட்டலின் வாசல் வரை பொதுச் செலவில் வீதியும் வடிகானும் போட்டுக் கொடுப்பது இன்னொன்று. வாடகைக்கு ஆள் கிடைக்காத மாடியில் அரச அலுவலகத்தைக் குடியேற்றுவதும் மானியம்தான், அதை யாரும் அப்படிக் கணக்கெடுப்பதில்லை.

இவற்றில் பெரியது வரிவிலக்கு. 2008ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம் 25 ஆண்டு வரை வரிச்சலுகை கொடுக்க வழிவிட்டது. கொழும்புத் துறைமுக நகரத்துக்கு 2021இல் வந்த சட்டத்தில் அது 40 ஆண்டு வரை போனது. அமெரிக்க நகரம் ஒன்று விட்டுக்கொடுப்பது தன் சொந்த ஆதன வரியை. இங்கே விட்டுக்கொடுக்கப்படுவது பெரும்பாலும் மத்திய அரசின் வரி. அதனால்தான் உள்ளூர் உறுப்பினருக்கு அது உறைப்பதில்லை, மேசையில் யாரும் அதைப் பற்றி வாதாடுவதுமில்லை.

3. அமெரிக்காவில இப்பிடிச் செய்துதானே நொடிஞ்ச டவுனையெல்லாம் நிமித்தினவங்கள்?

சில இடங்களில் நிமிர்ந்தது. நிமிராத இடங்களில் எங்களுக்கு அதிகம் பாடம் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ற் ஒரு கார்த் தொழிற்சாலை ஊர். தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைக்கத் தொடங்க, நகர மையத்தைக் காப்பாற்ற 'ஓட்டோவேர்ல்ட்' என்ற உள்ளரங்கக் கேளிக்கைப் பூங்காவை 1984 யூலையில் திறந்தார்கள். செலவு சுமார் 80 மில்லியன் டொலர். வருடத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வரவில்லை. ஏறத்தாழ ஆறு மாதத்தில் மூடினார்கள், 1997இல் இடித்தார்கள். கட்டடத்தில் பிழை இல்லை. வேலை இழந்துகொண்டிருந்த ஊருக்கு வெளியூர்க்காரர் ஏன் வர வேண்டும் என்பதற்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை.

அங்கே பரவலாக இருந்த நிதி முறை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பகுதியைத் திட்ட வலயமாக அறிவித்து, அன்றைய ஆதன வரி வருமானத்தை அந்த மட்டத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் கூடுகிற வரி முழுவதும் பல ஆண்டுகளுக்குத் திட்டக் கடனை அடைக்கப் போகும். பாடசாலைக்கும் பொதுச் சேவைக்கும் போயிருக்க வேண்டிய பங்கு அது. கலிபோர்னியா இதை 1952இல் தொடங்கி, கடைசியில் மாநிலத்தின் ஆதன வரியில் சுமார் 12 வீதம் இப்படித் திரும்புவதைக் கண்டு, 2012 பெப்ரவரி 1ஆம் திகதியோடு ஏறத்தாழ 400 முகவர் அமைப்புகளையும் கலைத்தது. இலங்கையில் அந்த முறை இல்லை. 'எதிர்கால வருமானம் கடனை அடைக்கும்' என்ற வாதம் மட்டும் அச்சொட்டாக இங்கேயும் கேட்கிறது.

4. அது வெளிநாடு. எங்கட நாட்டில எங்க பிழைச்சது?

ஒரே அதிகார சபை, ஒரே நகரம், மூன்று வருட இடைவெளி. கொழும்புக் கோட்டையில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைத் திருத்தி 2011 இறுதியில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது நகர அபிவிருத்தி அதிகார சபை. அது ஓடியது. 2014இல் அதே சபை புறக்கோட்டையில் பஸ் நிலையங்களுக்குப் பக்கத்தில் மிதக்கும் சந்தை கட்டியது. சில வருடங்களில் பல கடைகள் பூட்டிக் கிடந்தன, தண்ணீர் நாற்றம் பற்றிய முறைப்பாடு ஓயவில்லை.

ஆள்நடமாட்டம் குறைவு என்று மிதக்கும் சந்தையைப் பற்றிச் சொல்ல முடியாது. நாட்டிலேயே கூடுதலான ஆட்கள் கடந்துபோகிற இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் கடந்துபோகிறவர் பஸ் பிடிக்க ஓடுகிறவர், கையில் பை, நேரமில்லை. ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைச் சுற்றி இருந்ததோ வங்கித் தலைமையகங்களும் பெரிய ஹோட்டல்களும். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி நடந்து வருகிற ஆள் ஏற்கெனவே அங்கே இருந்தார். 'ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் பேர் வருகிற பஸ் நிலையம்' என்று யாராவது திருகோணமலையில் படம் காட்டினால், அதில் எத்தனை பேர் நிற்கிறவர்கள் என்று கேளுங்கள்.

5. புதுக் கடைத்தொகுதி வந்தா யாவாரம் கூடும்தானே?

கடை கூடும். யாவாரம் கூடுமா என்பது வேறு. கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ இருக்கிற ஒரு குடும்பம் மாதத்தில் உடுப்புக்கு ஒதுக்குகிற காசு, புதுக் கட்டடம் வந்ததால் கூடிவிடாது. மத்திய வீதியில் வாங்கியவர் புதுத் தொகுதியில் வாங்குவார், மத்திய வீதிக் கடை வாடகை கட்டத் திணறும். திட்ட அறிக்கையில் புதுத் தொகுதியின் விற்பனை வரவாக நிற்கும். பழைய தெருவின் இழப்பு எந்தப் பத்தியிலும் இராது.

வெளியிலிருந்து புதிதாக வருகிற ரூபாவைத்தான் எண்ண வேண்டும். அதைக் கொண்டுவந்த பொதுச் செலவுக்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததும் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிச்செல்கிற 'பாதை' என்ற மிதவைக்குக் காத்துக்கிடந்த காலம் முடிந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் நினைத்த நேரத்தில் டவுனுக்கு வந்துபோகிறார்கள். அதற்காக டவுனுக்குள் ஒரு கடைகூடக் கட்ட வேண்டியிருக்கவில்லை.

6. வாடகையில கடனைக் கட்டலாம் எண்டு சொல்லுறாங்கள். சரிதானே?

ஒரு கற்பனைத் தொகுதியை வைத்துப் பார்ப்போம். செலவு 300 மில்லியன் ரூபா, 60 கடை, கடைக்கு மாத வாடகை 15,000. எல்லாக் கடையும் போனால் மாதம் 9 லட்சம், வருடம் 10.8 மில்லியன். கடன் 10 வீத வட்டியில் என்றால் வட்டி மட்டும் வருடத்துக்கு 30 மில்லியன். முதலைத் தொடவே இல்லை.

சரி, நன்கொடை என்று வைத்து வட்டியை விட்டுவிடுங்கள். இரண்டு வாசலுக்கு 12 மணி நேரக் காவல், நாளைக்கு 4 ஷிப்ட், ஷிப்டுக்கு 3,000: மாதம் 3.6 லட்சம். துப்புரவுக்கு நான்கு பேர், ஆளுக்கு 45,000: 1.8 லட்சம். பொது விளக்கு, லிஃப்ட், பம்பி மின்சாரம் 2 லட்சம் என்போம். கூட்டினால் 7.4 லட்சம். கடை நிறைந்திருந்தால் மாதம் 1.6 லட்சம் மிஞ்சும், வருடத்துக்கு 19.2 லட்சம். பெரிய திருத்தத்துக்கென்று கட்டடச் செலவில் 1 வீதம் ஒதுக்கினாலே வருடம் 30 லட்சம் வேண்டும். 60இல் 36 கடைதான் போனது என்றால் வருமானம் 5.4 லட்சம். மாதம் 2 லட்சம் துண்டு விழும். அந்த 2 லட்சம் சோலைவரியிலிருந்து, அதாவது உங்கள் ஒழுங்கையில் கான் வெட்ட வேண்டிய காசிலிருந்து போகும்.

எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கூட்டத்தில் கேட்க வேண்டியது இரண்டே எண்: எத்தனை வீதம் கடை போனால் செலவு சரிக்கட்டும், இதே மன்றத்தின் இருக்கிற கடைகளில் இன்று எத்தனை வீதம் வாடகை ஒழுங்காக வருகிறது.

7. மேல்மாடிக் கடைக்கு ஆள் வராது எண்டுறது பழைய கதை. லிஃப்ட் போட்டா வருவாங்கள்தானே?

மோட்டார் சைக்கிளைக் கடைக்கு முன்னால் சாய்த்துவிட்டு, இறங்காமலே 'அண்ணை, அரைக் கிலோ' என்று கேட்கிறவர்தான் இங்கே பெரும்பான்மை வாடிக்கையாளர். அவருக்கு முதலாம் மாடி இன்னொரு ஊர் மாதிரி. தையல், போட்டோக்கொப்பி, ரியூசன், பல் வைத்தியம் போல ஆள் தேடிப் போகிற தொழில்கள் மேலே ஓடும். மரக்கறி, மீன், உடுப்பு, பலசரக்கு ஓடாது. லிஃப்ட் ஒரு நாள் பழுதானால் உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும், அதற்குள் மேலே இருப்பவர் கீழே நடைபாதையில் மேசை போட்டுவிடுவார்.

இன்னொரு சிக்கல், கேள்விமனுவில் கீழ்க் கடைகளை ஒரே ஆள் பல பேரில் எடுப்பது. பிறகு இரண்டு மூன்று மடங்கு வாடகைக்கு உள்வாடகை விடுவார். மன்றத்துக்குப் பழைய வாடகை, லாபம் அவருக்கு. மானியம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

8. சுற்றுலாக்காரர் வாறாங்களே. அவங்களை நம்பிக் கட்டலாம்தானே?

எத்தனை மாதத்துக்கு? நிலாவெளி, உப்புவெளிப் பருவம் ஏறத்தாழ மே தொடங்கி செப்டெம்பர் வரை. நவம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு இராது. ஐந்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாத வாடகை கட்டக்கூடிய கடை எது என்று முதலில் சொல்ல வேண்டும்.

உள்ளூர் யாத்திரைக்காரர் வருடம் முழுவதும் வருகிறார்கள், உண்மை. பஸ் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகும், பிறகு கன்னியா, பிறகு கடற்கரை. டவுனில் நிற்பது குறைவு. பெரிய பஸ்ஸை நிறுத்த வசதியான இடமும், காசு கொடுத்தாவது போகக்கூடிய துப்புரவான மலசலகூடமும் இருந்தால் ஒரு மணி நேரம் நிற்பார்கள். அதற்குத் தேவைப்படுவது ஒரு வாகனத் தரிப்பிடமும் பத்து மலசலகூடமும் கொஞ்சம் நிழலும். தெருவில் திரிகிற புள்ளிமான்களைப் பார்க்கக்கூட ஆள் இறங்கும். குப்பைத்தொட்டி மூடியில்லாமல் அவை பொலித்தீன் தின்றுகொண்டு நிற்பதைத்தான் இப்போது காட்டுகிறோம்.

9. வேலை வாய்ப்பு?

கட்டும்வரை இருக்கும், அதில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர் கூட்டிவருகிற ஆட்களுக்கு. அதன்பின் வருகிற கடை வேலைகளை எண்ணும்போது 5ஆம் கேள்வியில் சொன்ன பழைய தெருவின் இழப்பைக் கழிக்க வேண்டும்.

10. என்ர கடைக் காணியை எடுத்தா என்ன செய்யலாம்?

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டப்படிதான் எடுக்கலாம். 2ஆம் பிரிவு அறிவித்தல் என்றால் நில அளவைக்கு வருகிறார்கள். 4ஆம் பிரிவு அறிவித்தல்தான் ஆட்சேபனை சொல்லும் கட்டம். அதில் போட்டிருக்கிற திகதியைத் தவற விடாதீர்கள், பதிவுத் தபாலில் எழுதுங்கள். 5ஆம் பிரிவு அறிவிப்பு வந்துவிட்டால் பொதுத் தேவை என்பது முடிந்த முடிவாகக் கொள்ளப்படும். 7ஆம் பிரிவில் உரித்தையும் கோரிக்கையையும் கேட்பார்கள், 9இல் விசாரணை, 17இல் நட்டஈட்டுத் தீர்ப்பு. தொகை போதாதென்றால் மீளாய்வுச் சபைக்கு 21 நாளுக்குள் மேன்முறையீடு. அவசரம் என்று சொல்லி 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தில் (விதிவிலக்குச் சொல்லும் பகுதியில்) உடனே கைப்பற்றவும் வழி இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தில் அவசர நகர அபிவிருத்தியாக அறிவித்தால் நீதிமன்றத் தடையுத்தரவு எடுப்பதும் கடினமாகும்.

யாவார இழப்புக்கு நட்டஈடு கேட்கப் போகிறவரிடம் கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும். வரி கூடும் என்று பயந்து விற்பனையைக் குறைத்துக் காட்டியவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாடகைக்காரர் பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள். நடைபாதை யாவாரிக்கு நாள்வாடகைத் துண்டுதான் ஒரே சாட்சி, கிழித்துப் போடாதீர்கள்.

அமெரிக்காவின் நியூ லண்டன் நகரத்தில் வீடுகளை எடுத்துத் தனியார் அபிவிருத்திக்குக் கொடுப்பது பொதுப் பயனே என்று 2005இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்த்தது. நான்கு வருடத்தில், பக்கத்தில் இருந்த பெரிய மருந்துக் கொம்பனி அந்த ஊரை விட்டுப் போவதாக அறிவித்தது. வீடு இருந்த நிலம் நெடுங்காலம் புல் முளைத்துக் கிடந்தது.

11. அரச காணியில கட்டினா ஆருக்கும் நட்டமில்லைத்தானே?

காணி சும்மா கிடந்தாலும் அதற்கு விலை இருக்கிறது. சம்பூரில் 2012இல் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக அறிவிக்கப்பட்டது. மக்கள் முகாம்களில் இருந்தார்கள். 2015இல் அந்த அறிவிப்பு இரத்தாகிக் காணி திரும்பியது. பக்கத்திலேயே திட்டமிட்ட அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. வலயம் என்று கோடு கீறிய நாளிலிருந்து அங்கே யாரும் பயிர் வைக்கவில்லை, வீடு கட்டவில்லை.

டவுனுக்குள் இது சின்ன அளவில் நடக்கும். திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் கட்டட அனுமதி இழுபடும், உரிமையாளர் கூரை மாற்ற மாட்டார், வங்கி கடன் தர யோசிக்கும். ஆகவே காலவரையறை கேளுங்கள்: இத்தனை மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் ஒதுக்கீடு இரத்து என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

12. ஒப்பந்தத்தைக் காட்ட மாட்டாங்கள். எப்பிடிப் பார்க்கிறது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆர்.டி.ஐ 01 படிவத்திலோ சாதாரணக் கடிதத்திலோ தகவல் அலுவலரிடம் கொடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை, கிடைத்ததாக ஒப்புகை வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள், மேன்முறையீட்டைக் கேட்கிற குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் போகலாம், அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம்.

'திட்டம் பற்றிய விபரம் தாருங்கள்' என்று எழுதினால் வண்ணத் துண்டுப்பிரசுரம் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: சாத்தியவள அறிக்கை, பி.ஓ.கியூ (வேலை அளவுகளின் விலைப்பட்டியல்), குத்தகை ஒப்பந்தப் பிரதி, விலைமதிப்பீட்டுத் திணைக்களத்தின் காணி மதிப்பு, வருடாந்தப் பராமரிப்பு மதிப்பீடு, அதை யார் கட்டுவது என்ற மன்றத் தீர்மானம். கடைசி இரண்டும் இல்லை என்று பதில் வந்தால் அதுவே பெரிய தகவல். இதே சட்டத்தின் 9ஆம் பிரிவில், உள்நாட்டு நிதியில் 5 லட்சம் ரூபாவுக்கும் வெளிநாட்டு நிதியில் 1 லட்சம் டொலருக்கும் மேற்பட்ட திட்டத்தை, தொடங்க மூன்று மாதம் முன்பே அமைச்சு வெளிப்படுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு.

13. கூட்டம் வைச்சுக் கருத்துக் கேட்டவங்கள்தானே?

சட்டப்படியான கருத்துக்கேட்பு வேறு, தேநீரும் வடையும் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற கூட்டம் வேறு. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்றால் 30 வேலை நாள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். ஹோட்டல் 99 அறையைத் தாண்டினால், அல்லது 100 குடும்பத்துக்கு மேல் இடம்பெயர வேண்டியிருந்தால் அந்த நடைமுறைக்குள் வரும். 95 அறையில் முதற்கட்டம், பிறகு இரண்டாம் கட்டம் என்று பிரித்துக் காட்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். உட்துறைமுகக் கரைத் திட்டத்துக்குக் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி எங்கே என்பதும் நியாயமான கேள்வி.

14. இதுக்குள்ள இன அரசியல் இல்லையா?

திருகோணமலையில் காணி கைமாறுவது ஒருநாளும் வெறும் பொருளாதாரமாக இருந்ததில்லை. தங்கள் ஆட்கள் விடுபடுவார்களோ என்ற ஒரே பயத்தோடுதான் மூன்று சமூகத்தவரும் கடை ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்க்கிறார்கள். பயத்தை விவாதித்து முடியாது, பட்டியலை விவாதிக்கலாம். கட்ட முன்பே கடை ஒதுக்கும் முறை, பழைய கடைக்காரருக்கான இட எண், தற்காலிகக் கடை எங்கே, எத்தனை மாதம், திரும்பி வரும்போது வாடகை எவ்வளவு என்பவற்றை எழுத்தில், மூன்று மொழியிலும் கேளுங்கள். 'பிறகு பார்ப்போம்' என்று சொல்கிற திட்டத்தில் பிறகு பார்ப்பது அரசியல்வாதிதான்.

15. அப்ப ஒண்டுமே செய்யக்கூடாது எண்டுறீங்களா?

இல்லை. சின்னதாக, பிழைத்தால் திருத்தக்கூடியதாகச் செய்யச் சொல்கிறோம். சந்தைப் பக்கத்து வடிகானை மழைக்கு முன், ஒக்டோபருக்குள், மூடியைத் தூக்கி மண் அள்ளி, சரிவு மட்டம் பார்த்துத் திருத்துவது. மீன் பகுதிக்குக் கழுவக்கூடிய தளமும் கழிவுநீர்த் தொட்டியும். நடைபாதை யாவாரிகளுக்குக் கோடு கீறிய இடம். 8ஆம் பதிலில் சொன்ன பஸ் தரிப்பிடம். ஒவ்வொன்றுக்கும் பிரயோசனம் ஒரு வருடத்தில் கண்ணுக்குத் தெரியும், தெரியாவிட்டால் நிறுத்தலாம். 300 மில்லியன் கட்டடத்தை நிறுத்த முடியாது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியபோது பாதியில் நின்ற தூண்களின் கம்பி எவ்வளவு காலம் கறள் பிடித்தது என்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம்.

16. அடிக்கல்லும் வைச்சாச்சு. இனிக் கேட்டு என்ன பிரயோசனம்?

கட்டடத்தை மாற்ற முடியாமல் போகலாம், அதன் நிபந்தனையை மாற்றலாம். கடை ஒதுக்கும் முறை, உள்வாடகைத் தடை, திருத்த நிதிக்கென்று தனி வங்கிக் கணக்கு, இவை மூன்றும் திறப்பு விழாவுக்கு முன்தான் கிடைக்கும்.

அதோடு தடுத்துவைப்புப் பணத்தை மறக்க வேண்டாம். ஒப்பந்தக்காரரின் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருப்பார்கள். கட்டடத்தைப் பாரமெடுக்கும்போது பொதுவாகப் பாதி விடுபடும், மீதி குறைபாட்டுப் பொறுப்புக்காலம், வழக்கமாக ஒரு வருடம், முடிந்தபின்தான். அந்த வருடத்துக்குள் ஒரு நவம்பர் மழை கட்டாயம் வரும். மழை பெய்கிற அன்று கசிகிற கூரை மூட்டு, தண்ணீர் தேங்குகிற மாடிப்படி, திரும்பி வழிகிற கான் எல்லாவற்றையும் திகதி விழுகிற மாதிரிப் படமெடுங்கள். கடை இலக்கத்தோடு பட்டியல் போட்டு, செயலாளருக்கும் பொறியியலாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மீதிப் பணம் விடுபட்டபின் போகிற கடிதத்துக்கு மன்றத்தின் காசில்தான் சீமெந்து வாங்க வேண்டிவரும்.